மே மாசம் நாலரை மணிக்கு வாசல்ல உட்கார முடியுமா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். வீட்டோட வெளிப்பக்கத்தப் பத்தி, அதாவது எலிவேஷன், போர்டிகோ, பால்கனி, மொட்டை மாடி, காம்பவுண்டுக்குள்ள மிச்சம் கிடக்கற துண்டு இடம், இதப் பத்தியெல்லாம் பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. நான் சென்னையில வீடு டிசைன் பண்ற வேலையில இருக்கறவ. எங்ககிட்ட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் போன்ல ஒரு போட்டோவோடதான் வருவாங்க, மேடம் எனக்கு அச்சு அசலா இதே மாதிரி எலிவேஷன் வேணும்னு. வாங்கிப் பார்த்தா சாம்பல் கலர்ல பெட்டி பெட்டியா ஒரு வீடு, ரெண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி, நடுவுல மரக்கலர்ல கோடு கோடா ஒரு பேனல், பால்கனிக்கும் கண்ணாடி கைப்பிடி, கீழ பச்சைப்பசேல்னு புல்லு. போட்டோ எடுத்தது ராத்திரி, எல்லா லைட்டையும் போட்டு. நான் ஒண்ணுதான் கேப்பேன். சார், இந்த வீட்டு வெளியில மே மாசம் சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு சேர் போட்டு உட்கார முடியுமா? உடனே வீட்டம்மா சிரிச்சிடுவாங்க, ஏன்னா அந்த நேரத்துல வெளியில துணி எடுக்கப் போறது அவங்கதான்.

நம்ம ஊரு வெயில் எப்படி வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு. அதனால ஏப்ரல் கடைசி வாரத்துலேர்ந்து ஆகஸ்ட் நடுவுல வரைக்கும் மத்தியானச் சூரியன் உச்சிக்குத் தெற்க இல்ல, லேசா வடக்க சாஞ்சு நிக்கும். வடக்குப் பார்த்த வீடு, வெயிலே படாதுன்னு புரோக்கர் சொல்றது டிசம்பர்ல உண்மை, கத்திரியில உண்மை இல்ல. அதே கோடையில தெக்குச் சுவர்ல மத்தியானம் நேர் வெயில் விழாது, அந்தப் பக்கம் நிழலாவே இருக்கும். கடல்காத்தும் நமக்கு கிழக்கு, தென்கிழக்குலேர்ந்துதான் வருது. அப்ப சிட் அவுட்டோ பால்கனியோ எங்க வரணும்னு நான் தனியா சொல்ல வேண்டியதில்ல. ஆனா நம்ம ஆளுங்க தென்கிழக்க அக்னி மூலைன்னு கிச்சனுக்குக் குடுத்துடுவாங்க, சாயங்காலம் காத்து வந்தா கருவாட்டு வாசனையும் சேர்ந்து ஹால் வழியா பெட்ரூம் வரைக்கும் போகும். வாஸ்து பார்க்கறவங்களோட நான் சண்டைக்குப் போறதில்ல, கிச்சன் அங்கயே இருக்கட்டும், அத ஒட்டி ஒரு ஆறடி வராண்டாவுக்காவது இடம் விடுங்கன்னு கேட்டு வாங்கிடுவேன்.

உண்மையான வில்லன் மேக்குச் சுவர். ஜன்னலுக்கு மேல ரெண்டடி சன்ஷேடு போட்டிருக்கோம், போதும்னு நினைப்பாங்க. மே மாசம் நாலரை மணிக்கு சூரியன் தரையிலேர்ந்து ஒரு 27 டிகிரி உயரத்துலதான் இருக்கும், அந்த ரெண்டடி சன்ஷேடோட நிழல் ஜன்னல்ல ஒரு அடிதான் கீழ இறங்கும், மிச்ச மூணு அடிக்கும் வெயில் நேரா உள்ள வந்து சோபாவுல உட்காந்துக்கும். தலைக்கு மேல எவ்ளோ நீட்டினாலும் மேக்கு வெயில நிறுத்த முடியாது, முன்னாடி நின்னு மறைக்கற மாதிரி ஏதாவது வேணும். மூங்கில் தட்டி, மரம், ஓட்டை விட்டுக் கட்டின ஜாலிச் சுவர், கொடி, எதுவா வேணா இருக்கட்டும்.

இந்த இடத்துலதான் பேனல் கதை வருது. அலுமினியம் காம்போசிட் பேனல், ஏசிபின்னு எல்லாரும் சொல்றது, ரெண்டு மெல்லிசு அலுமினியத் தகடு நடுவுல பிளாஸ்டிக் மாதிரி ஒரு சரக்கு வெச்ச ஷீட். கடைக்கும் ஷோரூமுக்கும் ஒட்டிட்டு இருந்தது இப்ப மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் வீட்டுக்கெல்லாம் வந்துடுச்சு. ஒட்டின அன்னிக்கு பளபளன்னு நல்லாத்தான் இருக்கும். ஆனா ஜாயின்ட்ல அடிச்ச சிலிக்கோன் பசை வெயில்ல காஞ்சு விரிசல் விடும், மழைத்தண்ணி அது வழியா உள்ள போய் பின்னாடி சுவர்ல ஊறும், பேனல் மறைச்சிட்டு இருக்கறதால உள்ள பெட்ரூம்ல பெயின்ட் உப்பற வரைக்கும் யாருக்கும் தெரியாது. நெருப்பு விஷயம் அதவிட முக்கியம். 2017ல லண்டன்ல கிரென்ஃபெல் டவர்னு ஒரு 24 மாடி குடியிருப்பு எரிஞ்சு 72 பேர் போனாங்களே, தீ அவ்ளோ வேகமா மேல ஏறினதுக்கு முக்கியக் காரணம் வெளிச்சுவர்ல மாட்டியிருந்த, நடுவுல பாலிஎத்திலீன் வெச்ச பேனல்தான். அதனால ஒட்டியே தீருவேன்னா, உள்ள இருக்கற சரக்கு தீ பிடிக்காத ரகமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. என்னக் கேட்டா, தனி வீட்டுக்கு அது தேவையே இல்ல.

அதே மேக்குப் பக்கத்துக்கு செங்கல் ஜாலி போட்டுப் பாருங்க. ஜன்னலுக்கு வெளிய ரெண்டரை மூணு அடி தள்ளி ஒரு சுவர், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஓட்டை விட்டு அடுக்கினது, அவ்ளோதான். வெயில் அங்கயே உடைஞ்சுடும், காத்து மட்டும் உள்ள வரும், எதிர்வீட்டுக்காரருக்கு உள்ள இருக்கறது தெரியாது, நடுவுல இருக்கற அந்த மூணடியில துணி காயப்போடலாம், ரெண்டு தொட்டி வைக்கலாம். லாரி பேக்கர், இங்கிலாந்துல பிறந்து கேரளாவுல வாழ்ந்த கட்டடக் கலைஞர், இந்த ஜாலியத்தான் விதவிதமா போட்டுப் பார்த்தவர். முட்டுக்காட்டுல தட்சிணசித்ரான்னு பழைய வீடுங்களோட ஒரு மியூசியம் இருக்குல்ல, அவர் கை வெச்ச இடம்தான், 1996ல திறந்தாங்க. ஈசிஆர்ல வண்டி ஓட்டிட்டுப் போய் போட்டோ மட்டும் எடுத்துட்டு வராம, அங்க இருக்கற செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில மத்தியானம் ஒரு மணிக்கு அரை மணி நேரம் சும்மா உட்காந்து பாருங்க. ஒரு விஷயம், ஜாலியோ வராண்டாவோ செட்பேக், அதாவது வீட்டச் சுத்தி காலியா விட வேண்டிய இடத்துக்குள்ள நீட்ட முடியாது, பிளான் போடும்போதே சேர்த்துடணும், கட்டி முடிச்சிட்டு வந்து கேட்டா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

திண்ணைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில சுத்தி, மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம், இன்னும் அங்கங்க பழைய வீடுங்க திண்ணையோட நிக்குது. சிவப்பு ஆக்சைடு தரை, உட்காந்து உட்காந்து ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கும். கார் வந்ததும் திண்ணை போச்சு. இன்னிக்கு அரை கிரவுண்டு வீட்டுல நல்ல நிழலான இடம் எதுன்னு பார்த்தா போர்டிகோ, அது காருக்கு, மனுஷங்க உள்ள கதவ சாத்திக்கிட்டு ஏசியில. கார வெளிய நிறுத்துங்கன்னு சொல்ல வரல, தெருவுல இடம் எங்க இருக்கு. போர்டிகோ சுவர ஒட்டி ஒன்றரை அடி உயரம், ஒன்னேமுக்கால் அடி அகலத்துக்கு ஒரு மேடை கட்டிடுங்க, மேல கடப்பா கல்லு போட்டு வெளிப்பக்கமா லேசா வாட்டம் குடுத்துடுங்க, தண்ணி நிக்காது. கார் இருக்கும்போதும் ரெண்டு பேர் உட்காரலாம், ஷூ மாட்டலாம், கொரியர்காரர் பெட்டிய வைக்கலாம். அப்புறம் காம்பவுண்டு சுவரு. ஆறடிக்கு மொத்தமா மூடிட்டு காத்தே வரலன்னா எப்படி வரும்? மூணடி சுவர், அதுக்கு மேல கிரில்லோ ஜாலியோ போதும்.

சரி, உட்கார இடம் வந்தாச்சு, கொசு? போர்டிகோவுல ஒரு சீலிங் ஃபேன் மாட்டுங்க. கொசு பலமா பறக்கற ஜீவன் இல்ல, ஃபேன் காத்துல தடுமாறிடும், நமக்கும் வேர்வை அடங்கும். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கறது, சாக்கடைத் தண்ணிய விட நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், உங்க பூந்தொட்டிக்கு அடியில வெச்சிருக்கற பிளாஸ்டிக் தட்டு அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். முட்டையிலேர்ந்து கொசு ஆகறதுக்கு வெயில் காலத்துல ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்ட எடுத்துடுங்க, இல்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது கொட்டித் தேச்சு கழுவுங்க.

ஃப்ளாட்ல இருக்கறவங்க, மேடம் இதெல்லாம் தனி வீட்டுக்காரங்க கதைன்னு நினைச்சிட்டு இருப்பீங்க. உங்களுக்கு பால்கனி இருக்கு, பாதிப் பேர் அதுக்கும் ஸ்லைடிங் கண்ணாடி போட்டு மூடி ஹாலோட சேர்த்துட்டீங்க. மூடின பால்கனி சாயங்காலம் கொதிக்கும், அந்தச் சூடு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஹாலுக்குள்ள வந்துட்டே இருக்கும். திறந்தே விடுங்க, புறாத் தொல்லைக்கு வலை கட்டிக்கோங்க, மேக்குப் பார்த்ததா இருந்தா வெளி ஓரத்துல மூங்கில் தட்டி தொங்க விடுங்க, உள்பக்கம் கர்ட்டன் போடறது அவ்ளோ பிரயோஜனம் இல்ல, கண்ணாடியத் தாண்டி உள்ள வந்த சூடு வந்ததுதான். ஃப்ளாட் வாங்கப் போறவங்க பால்கனி அகலத்த டேப் வெச்சு அளங்க, அஞ்சடி இருந்தா உட்காரலாம், மூணடின்னா அது துணி உலர்த்தற இடம்தான்.

திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் இருக்கறவங்களுக்கு உப்புக்காத்து பெரிய பிரச்சன. எம்எஸ், அதாவது சாதா இரும்பு கிரில்லுக்கு பெயின்ட் அடிச்சு முடிச்சு ஒரு மழை தாண்டினதும் வெல்டிங் வெச்ச மூலையிலதான் முதல்ல துரு கிளம்பும், விரலால தொட்டா சிவப்பாப் பொடி ஒட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, துருப்பிடிக்காதுன்னு நம்பி 304 கிரேடு வாங்கி மாட்டினா டீக்கறை மாதிரி திட்டுத் திட்டா வரும், கடலோரத்துக்கு 316 கிரேடு கேட்டு வாங்கணும், விலை ஜாஸ்தி. முடியலன்னா கால்வனைஸ் பண்ணின, அதாவது துத்தநாகம் பூசின கம்பிக்கு மேல பெயின்ட், இல்ல செங்கல்லயே கைப்பிடிச் சுவர்.

மொட்டை மாடிக்கு வர்றேன், எனக்குப் பிடிச்ச இடம். பழைய மெட்ராஸ் வீடுகள்ல தேக்கு உத்தரத்து மேல செங்கல்ல நெட்டுக்குத்தா அடுக்கி சுண்ணாம்புக் கலவையில கட்டின தளம், அதுக்கு மேல செங்கல் பொடி கலந்த சுர்க்கி, தட்டு ஓடு. இப்ப கான்கிரீட் மேல வெறும் சிமென்ட் பூசி விட்டுடறாங்க, மாடி ரூம்ல படுத்தா தலைக்கு மேல அடுப்பு. வெள்ளை டைல்ஸோ கூல் ரூஃப் பெயின்டோ போடுங்க, வித்தியாசம் அன்னிக்கு ராத்திரியே தெரியும். மாடித்தோட்டம் போடறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்லணும். ஆளுங்க நடமாடற மொட்டை மாடிக்கு பொதுவா ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோன்னு எடை கணக்குப் போட்டுத்தான் டிசைன் பண்ணுவாங்க. ஒரு அடி ஆழத்துக்கு ஈர மண்ணு பரப்பினா அதே சதுர மீட்டருக்கு 500 கிலோ கிட்ட வந்துடும். போன்ல பார்த்துட்டு மாடி முழுக்க மண்ணு கொட்டி கொரியன் புல்லு வைக்கறேன்னு கிளம்பாதீங்க. தேங்காய் நார்க்கழிவு கலந்த லேசான கலவை, பைகள், அதுவும் கீழ சுவரோ பீமோ போற இடத்துக்கு மேல வரிசையா, அது போதும், வெண்டையும் கத்திரியும் நல்லா காய்க்கும். பிளாஸ்டிக் புல்லப் பத்தி கேக்கவே கேக்காதீங்க, மத்தியானம் வெறுங்கால் வெச்சவங்களுக்குத் தெரியும்.

கீழ தரைக்கும் இதே கதி, காம்பவுண்டுக்குள்ள ஒரு பிடி மண்ணு தெரியாம சிமென்ட்டோ டைல்ஸோ போட்டுடறாங்க, அப்புறம் 2015, 2023 டிசம்பர் மாதிரி ஊத்தினா தண்ணி எங்க போகும்னு தேடறாங்க. நம்ம ஊர்ல சராசரியா வருஷத்துக்கு 1400 மில்லிமீட்டர் பக்கம் மழை, ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில அது கிட்டத்தட்ட 1,30,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆயாச்சு, ஆனா பல வீட்டுல அந்தக் குழியத் திறந்து பார்த்தா சருகும் சேறும் இறுகிப் போய்க் கிடக்கும். செப்டம்பர்லயே ஆள விட்டு தூர் வாருங்க, மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங் வேலையும் அதுக்குள்ள முடிஞ்சிருக்கணும், அக்டோபர்ல கூப்பிட்டா ஊர்ல இருக்கற எல்லாரும் கூப்பிட்டிருப்பாங்க, ஆள் கிடைக்காது. காலி மண்ணு இருந்தா மரம் வைக்கவும் அந்த மழைக்காலம்தான் நல்ல நேரம். 2016ல வர்தா புயல் அடிச்சப்ப மரங்கள் எப்படிச் சாஞ்சுதுன்னு எல்லாரும் பார்த்தோம், அதனால வெறும் பூவுக்காக ஏதோ ஒண்ண வைக்காம, கடலோரம்னா புன்னை, உள்ள தள்ளின்னா மகிழம், மேக்குப் பக்கத்துக்கு புங்கன் வைங்க, புங்கன் கத்திரிக்கு முன்னாடியே தளிர் விட்டு நிழல் தந்துடும். வேர் போறதுக்கு சுவர்லேர்ந்து நாலஞ்சு அடியாவது தள்ளி வைங்க, கன்னு வாங்கும்போது வேர் பைக்குள்ள சுருண்டு கிடக்கான்னு பிரிச்சுப் பார்த்து வாங்குங்க. வணக்கம்.