ஸ்டீராய்டும் சர்க்கரையும்: காலைப் பரிசோதனையில் தெரியாத ஏற்றம்

[காட்சி: சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள இரு அட்ரீனல் சுரப்பிகள்; அவற்றின் வெளியடுக்கான புறணி மட்டும் வண்ணம் பெறுகிறது.]

சர்க்கரை நோய் என்றதும் கணையமே நினைவுக்கு வருகிறது; ஆனால் அட்ரீனல் புறணி சுரக்கும் கார்டிசால் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோனுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கணையம் நீக்கப்பட்டு நீரிழிவுக்கு ஆளான பூனைகளில் அட்ரீனல் சுரப்பிகளையும் அகற்றினால் நோயின் தீவிரம் தணிகிறது என்பதை லாங், லூக்கன்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1936-இல் காட்டினர்.

கார்டிசால் தசைப் புரதத்தைச் சிதைத்து அமினோ அமிலங்களையும், கொழுப்பைச் சிதைத்துக் கிளிசராலையும் இரத்தத்தில் விடுகிறது. அவற்றைக் கொண்டு கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதற்கான நொதிகளையும் அதுவே பெருக்குகிறது. அதோடு, இன்சுலினுக்குத் தசைகள் செவிசாய்ப்பதையும் குறைத்துவிடுகிறது. பட்டினியின்போது மூளைக்குக் குளுக்கோஸ் தடையின்றிக் கிடைக்க இந்த ஏற்பாடு உதவுவதால் கார்டிசாலை எதிரியாகக் கருதுவது சரியன்று. நலமான கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். நீரிழிவு உள்ளவரின் கணையத்தால் அது இயலாது.

[காட்சி: 24 மணி நேரச் சர்க்கரை வரைகோடு, பிற்பகலில் உயர்ந்து, இரவில் இறங்குகிறது.]

மருந்தாகத் தரப்படும் ஸ்டீராய்டுகளும் இவ்வழியிலேயே செயல்படுகின்றன. ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ காலை 8 மணிக்குப் பிரெட்னிசோலோன் எடுத்துக்கொள்பவருக்குப் பிற்பகல் முதல் மாலை வரை சர்க்கரை ஏறி, இரவில் படிப்படியாக இறங்கி, மறுநாள் வெறும் வயிற்றில் பார்க்கும்போது ஏறக்குறைய இயல்பாகவே இருக்கக்கூடும். காலைப் பரிசோதனையை மட்டும் நம்பினால் இந்த ஏற்றம் கண்ணில் படாமலே போய்விடும் என்பதால், மதிய உணவுக்கு 2 மணி நேரம் கழித்தோ இரவு உணவுக்கு முன்போ அளந்து பார்ப்பதே பயன் தரும். டெக்சாமெத்தசோன் என்னும் மற்றொரு ஸ்டீராய்டு மருந்தின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் உயரும். மில்லிகிராம் எண்ணைப் பார்த்து அதை வீரியம் குறைந்த மருந்தென்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் அதன் 0.75 மில்லிகிராம் பிரெட்னிசோலோனின் 5 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய நிகரானது.

நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி சோர்ந்திருக்கும் என்பதால் மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கும்போது, ஸ்டீராய்டுக்காகக் கூட்டிய இன்சுலினையும் அவ்வப்போது குறைக்க வேண்டும்; இல்லையேல் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

கார்டிசால் சுரப்பே குன்றிப்போகும் அடிசன் நோயிலும் இதுவே நிகழ்கிறது. முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு, உணவும் உழைப்பும் மாறாத நிலையில் இன்சுலின் தேவை குறைந்துகொண்டே வந்து, காரணம் புரியாமல் அடிக்கடி தாழ்சர்க்கரை ஏற்பட்டால், கார்டிசால் அளவையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.