பைக்கின் செயின் பக்கம் ஆயில் கசிகிறதா? ஆயில் சீலை மட்டும் குறை சொல்லாதீர்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்குள் நின்று பேசுகிறேன். ஹாரன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் என் வீடியோவுக்காக வாய் மூடாது.

தரையில் இந்தக் கறையைப் பாருங்கள். நேர்மேலே இருப்பது முன் ஸ்பிராக்கெட், அதாவது செயினைச் சுற்றவைக்கும் பல்சக்கரம். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டை அங்கே ஓர் ஆயில் சீல், அதாவது ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம், கவ்விப் பிடித்திருக்கும். நம் ஊர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். அதனால் இங்கே சொட்டுவது என்ஜினின் உயிர்.

உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். பக்கத்திலேயே கியர் லிவர் ஷாஃப்ட்டுக்கும் ஒரு சீல் உண்டு. நியூட்ரல் சுவிட்சும் கசியும். செயினுக்கு அடித்த எண்ணெய் தெறித்தும் ஏமாற்றும். ஸ்பிராக்கெட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றி, டீசலில் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் முகப் பவுடரைத் தூவுங்கள். கவரை மாட்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டு, என்ஜினை நிறுத்தித் திறந்து பாருங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. வீட்டுப் பவுடர் டப்பா காணாமல் போனதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆயிலை வடித்துவிடுங்கள். அடுத்து, செயினைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்துங்கள். பின் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் ஷாஃப்ட் சுற்றாது. செயின் போய்விட்டால் அந்தப் பிடியும் போய்விடும்.

செயினையும் ஸ்பிராக்கெட்டையும் கழற்றியபின் சீலின் முகத்தை உற்றுப் பாருங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண்கள் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். கடையில் அதைச் சொல்லி, பழையதோடு வைத்துப் பார்த்தே வாங்குங்கள். இன்னொன்று: சில என்ஜின்களில் சீலின் விளிம்பு உட்பக்கம் மாட்டியிருக்கும். அதை வெளியிலிருந்து எடுக்க முடியாது. என்ஜினையே பிளக்க வேண்டும். உங்கள் வண்டி அந்த ரகமா என்று விசாரித்த பிறகே இந்த வேலையில் இறங்குங்கள்.

சீலை நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழக் கூடாது. கீறல் விழுந்தால் புதுச் சீலும் அழும். சில வண்டிகளில் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு காலரும் (உலோக வளையம்) அதற்குள் ஓ-ரிங்கும் (மெல்லிய ரப்பர் வளையம்) இருக்கும். காலரில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

புதுச் சீலில் சுருள் கம்பி தெரியும் பக்கம் உள்ளே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் பற்கள் ரப்பர் உதட்டைக் கிழித்துவிடும். அதனால் பற்களின் மேல் பால் பாக்கெட் கவரைச் சுற்றி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி உள்ளே நுழைத்துவிடுங்கள். சீலின் வெளிவட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் நிறுத்தி, நேராக்கித் தொடருங்கள்.

இதோடு வேலை முடியவில்லை. சீல் ஏன் போனது? இங்கே ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டுகிறேன், அசைவில்லை. உங்களுடையது கடகடவென்று ஆடினால், ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்திருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும், மெக்கானிக்கிடம் போங்கள். பேரிங்கைத் தின்பது பெரும்பாலும் விறைப்பான செயின். சத்தம் வருகிறதென்று பலர் அதை வீணைத் தந்தி போல முறுக்குகிறார்கள். ஆள் உட்கார்ந்தால் அது மேலும் இறுகி ஷாஃப்ட்டை இழுக்கும். சிறிய பைக்குகளில் செயின் மேலும் கீழும் ஆட 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி.

அடுத்த எதிரி மணல். எண்ணூர் சாலைப் புழுதியும், மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் சேறும் கவருக்குள் புகுந்து எண்ணெயோடு குழைந்து, சீலின் உதட்டை உப்புத்தாள் போல அரைக்கும். மழைக்காலம் முடிந்ததும் கவரைத் திறந்து சுரண்டிவிடுங்கள்.

வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணூர்க் கரையில் எண்ணெய் ஒதுங்கியபோது, மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் படலம். நான் கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

புது ஆயில் ஊற்றியாயிற்று. தண்ணீர் லாரி திரும்புகிறது, வண்டியை நகர்த்த வேண்டும். ஓட்டிவிட்டு வந்து பவுடர் சோதனையை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.