நள்ளிரவு அழைப்புக்குக் கூலி வேண்டும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, கோயில் அறங்காவலர்களே, நகராட்சி உறுப்பினர் அவர்களே, நம் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் ஊதியம் கருதாமல் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தியாவிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று டர்பனை ஒட்டிய உம்ஷ்லாங்காவில் மென்பொருள் எழுதுகிறார்கள். பெருமைதான். அந்தப் பிள்ளைகள் ஏன் மனம் வெறுத்து வேலையை விடப் பார்க்கிறார்கள்? அவசரம், கூலி என்று இரண்டைச் சொல்ல வந்தேன்.

பதறாத காரியம் சிதறாது. பதறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல் சாட்சி. 2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச்சந்தையின் புதிய திட்டத்துக்காக எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விடுபட்டது. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை, எழுதிவைத்த நடைமுறையும் இல்லை. 2003இலேயே கைவிட்ட 'பவர் பெக்' என்ற பழைய பங்கு வர்த்தக நிரல் அந்த எட்டாவதில் அப்படியே கிடந்தது. அதை இயக்கிய அதே கட்டளைக் குறியைத்தான் புது நிரலுக்கும் பயன்படுத்தினார்கள். வாங்கியது போதும் என்று கணக்கு வைக்கும் பகுதியை 2005இல் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள்; ஆகவே பழைய நிரலுக்கு நிறுத்தத் தெரியவில்லை. சந்தை திறக்குமுன்பே 97 மின்னஞ்சல்கள் பிழையைச் சொல்லின, எவரும் கவனிக்கவில்லை. திறந்ததும், பதற்றத்தில் ஏழு சர்வர்களிலிருந்த சரியான நிரலை எடுத்தார்கள். பழைய நிரல் அவற்றிலும் ஓடியது, எட்டுமே கெட்டன! முக்கால் மணி நேரத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள், 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். ஐயா, இதை ஒரு தொழில்நுட்பப் பணியாளர் தலையில் கட்டுவது நியாயமா? சரிபார்க்க நேரம் கொடுக்காத மேலாண்மையின் குற்றம் இது. பதறாத காரியம் சிதறாது!

 அடுத்து, கூலி என்ற செய்திக்கு வருகிறேன்.

நம் நாட்டு 1997 தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம், மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்கிறது. அமைச்சர் அறிவிக்கும் வருமான வரம்பைத் தாண்டினால் இந்த விதிகள் பொருந்தா. 2024 ஏப்ரலில் அந்த வரம்பு ஆண்டுக்குச் சுமார் 2,54,000 ரேண்டாக இருந்தது. ஓரளவு அனுபவமுள்ள நிரலாளர் அதை எளிதில் தாண்டிவிடுகிறார். மென்பொருள் பழுது என்று இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தாலும் தனிக் கூலி இல்லை. காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். இரவு வேலை இலவசமாகக் கிடைக்கும்போது பகலில் நிதானமாகச் சோதிக்க எந்த நிறுவனம் செலவு செய்யும்?

ஆகவே நம் கோரிக்கை: வருமானம் எதுவானாலும் இரவு அழைப்புக்கு ஒன்றரை மடங்கு, நான்கு வாரத்தில் ஒரு வாரம் மட்டுமே இரவு முறை, அழைத்த மறுநாள் தாமதமாக வர உரிமை. சங்கம் சேரும் உரிமையை அரசமைப்பின் 23ஆம் பிரிவு எல்லாத் தொழிலாளருக்கும் தந்திருக்கிறது. மாதம் ஐம்பதாயிரம் ரேண்ட் வாங்குபவரும் தொழிலாளிதான், தாய்மார்களே!

கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், செய்யும் வேலை, மாதத்தில் எத்தனை இரவு அழைக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம். யாருடைய வேலைக்கும் இதனால் ஆபத்து வரக்கூடாது.