ஜூன் மாதத்து இரண்டு அறிவிப்புகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். அதற்கு முன்னால் அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். 'ஆப்பிள் கம்பெனி வீடியோ கேம் பக்கம் திரும்புகிறதாமே, அதைப் பற்றிப் பேசுங்களேன்' என்று வானொலியிலிருந்து கூப்பிட்டார்கள். நெல் விலையும் மழைச் செய்தியும் கேட்கிற ரேடியோவில் இது என்ன பேச்சு என்று சிலர் அணைக்கப் போகலாம். கொஞ்சம் பொறுங்கள். இதில் வாய்க்காலும் வரும்.

எங்கள் ஊர் கடைமடை. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு என்பது பழைய வழக்கம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2025இல் சரியாக ஜூன் 12. மதகில் பொங்கிவரும் தண்ணீருக்குப் பூத்தூவுவதை டிவியில் பார்ப்போம். பார்த்துவிட்டு யாரும் உடனே விதைநெல்லை ஊறப்போட ஓடமாட்டோம். கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நாலு நாள் ஆகும். அங்கிருந்து பிரிந்து, முள்ளியாற்றில் இறங்கி, எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குள் ஆனி முடிந்து ஆடி பிறந்துவிடுவதும் உண்டு. அதனால் ஊர்ப் பெரியவர்கள் திறப்பு விழாவைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். வாய்க்கால் தூர்வாரியாயிற்றா, ஷட்டர் ஏறி இறங்குகிறதா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள்.

அதே ஜூன் மாதத்தில்தான் ஆப்பிளும் கலிஃபோர்னியாவில் மென்பொருள் எழுதுகிறவர்களை எல்லாம் கூட்டி வைத்து அந்த வருஷத்து அறிவிப்புகளைச் சொல்கிறது. கொஞ்ச வருஷமாக அதில் கேம் பேச்சு கூடிக்கொண்டே வருகிறது. 2023இல் ஜப்பானின் பெரிய கேம் படைப்பாளி ஹிதேயோ கோஜிமாவையே காட்டி, அவருடைய டெத் ஸ்ட்ராண்டிங் கேம் ஆப்பிளின் கம்ப்யூட்டரான மேக்குக்கு வருகிறது என்றார்கள். 2025இல் ஐபோன், ஐபேட், மேக் மூன்றுக்கும் கேம்ஸ் என்ற பெயரிலேயே தனி ஆப் என்றார்கள். அந்த அறிவிப்பு வந்த வாரம் என் அக்கா மகன் கடைக்கு வந்து நின்றான். பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் சேரப் போகிறவன்.

"மாமா, மேக் வாங்கினா கேம் ஓடுமா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. மொத்தம் எட்டு கம்ப்யூட்டர், எல்லாமே விண்டோஸ். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற அன்றைக்கு மட்டும்தான் கூட்டம் இன்டர்நெட்டுக்கு வரும். மற்ற நாளெல்லாம் வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கேம்கள்தான் கடை வாடகையைக் கட்டின. சாயந்திரம் ஸ்கூல் விட்டதும் பையைக் காலடியில் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவன் கீபோர்டு, ஒருவன் மவுஸ் என்று பிரித்துக்கொண்டு ஆடுவார்கள். ஆப்பிள் என்றால் அவர்களுக்குக் கடையில் விற்கிற பழம். இன்றைக்கும் வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து நாலு பையன்கள் பப்ஜி ஆடினால் நாலும் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனாகத்தான் இருக்கும். 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்து, அடுத்த வருஷம் வேறு பெயரில் திரும்பி வந்தும் எங்கள் பக்கம் அதன் பெயர் பப்ஜிதான்.

சரி, ஆப்பிளுக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனி பிறந்ததே கேம் மடியில்தான். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் இளம் வயதில் வேலை பார்த்தது அட்டாரி என்ற கேம் கம்பெனியில். பந்தை அடித்துச் செங்கல் சுவரை உடைக்கிற பிரேக்அவுட் விளையாட்டின் சர்க்யூட்டை அவருக்காக நாலே நாளில் போட்டுக் கொடுத்தவர் அவரோடு சேர்ந்து ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக். அப்புறம் 1977இல் ஆப்பிள் டூ கம்ப்யூட்டர் வந்தபோது அதில் வண்ணம், சத்தம், கையில் பிடித்துத் திருகுகிற பிடி எல்லாம் இருந்தன. அதே பிரேக்அவுட்டைப் பேசிக் மொழியில் எழுதி ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் அவற்றைச் சேர்த்தேன் என்று வாஸ்னியாக்கே சொல்லியிருக்கிறார்.

1984இல் மேக் வந்தபோது குணம் மாறிவிட்டது. ஆபீஸ்காரர்கள் இதைப் பொம்மை என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம். விளையாட்டைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அதற்கப்புறம் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான் கவனிப்பு. 1996இல் ஜப்பானிய பொம்மைக் கம்பெனியான பண்டாயோடு சேர்ந்து பிப்பின் என்று டிவியோடு இணைத்து ஆடுகிற ஒரு கேம் பெட்டி போட்டார்கள். அமெரிக்காவில் விலை 599 டாலர். அதே வருஷம் நின்டென்டோவின் புதுப் பெட்டி அங்கே 199 டாலருக்கு வந்தது. எவன் வாங்குவான்? அடுத்த வருஷமே கடையைக் கட்டிவிட்டார்கள்.

அதைவிட வயிற்றெரிச்சல் 1999இல் நடந்தது. நியூயார்க் மேடையில் ஜாப்ஸே நின்று, பஞ்சி என்ற சின்னக் கம்பெனி மேக்குக்கு எழுதுகிற ஹேலோ என்ற கேமைக் காட்டினார். கூட்டம் வாயைப் பிளந்தது. மறு வருஷம் மைக்ரோசாஃப்ட் வந்து அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது. 2001இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டி வெளியானபோது அதைத் தூக்கி நிறுத்தியதே ஹேலோதான். மேக்குக்கு அது வர 2003 டிசம்பர் ஆனது. நம் கொல்லையில் முளைத்த கன்று பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காய்த்தது.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து பணம் வந்தது. 2008இல் ஐபோனுக்கு ஆப் ஸ்டோர் திறந்தார்கள். அதில் விற்கிறவற்றில் பொதுவாக நூற்றுக்கு 30 ஆப்பிளுக்கு என்று வைத்தார்கள். சிறிய கம்பெனிகளுக்கு 2021 முதல் 15. உழவும் இல்லை, விதைக்கவும் இல்லை, களத்துமேட்டில் நின்று மூட்டைக்கு இவ்வளவு என்று தரகு. ஃபோர்ட்நைட் கேமை நடத்துகிற எபிக் கம்பெனி இதை எதிர்த்து 2020இல் வழக்குப் போட்டது. மறு வருஷத் தீர்ப்பில் நீதிபதி எழுதிய கணக்கு ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. ஆப் ஸ்டோர் வருமானத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் கேமிலிருந்து வருகிறது. அந்தப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் மொத்த வாடிக்கையாளரில் 10 சதவீதம்கூட இல்லை. அதாவது கேம் மேல் ஆசையே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கம்பெனியின் கல்லாப்பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்ததே கேம்தான்.

2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம், வெளியே போய்ப் பணம் கட்டுகிற வழியை மறிக்காதே என்று கறாராகச் சொன்னது. மே மாதம் ஃபோர்ட்நைட் அமெரிக்க ஐபோன்களுக்குத் திரும்பி வந்தது. ஜூனில் கேம்ஸ் ஆப் அறிவிப்பு. இப்போது நான் சொல்வது என் ஊகம்தான்: களத்துமேட்டுத் தரகு என்றைக்கும் நிற்கும் என்ற நம்பிக்கை குறைந்தால், விளைவிக்கிறவனை அன்பாகக் கூப்பிட்டு உட்கார வைக்கத்தானே வேண்டும்? திண்ணையில் இருந்தவருக்கு இப்போது உள்ளே பாய் விரிக்கிறார்கள்.

இன்னொரு காரணம் சிப். 2020 நவம்பரில் மேக்குக்கு எம்1 என்ற ஆப்பிளின் சொந்தச் சிப் வந்ததிலிருந்து ஐபோன், ஐபேட், மேக் எல்லாவற்றுக்கும் படிப்படியாக ஒரே குடும்பத்துச் சிப். ஒன்றுக்கு எழுதிய கேமை அதிக சிரமம் இல்லாமல் மற்றதுக்கும் கொண்டுபோகலாம். 2023இல் வந்த சிப்புகளில் வெளிச்சமும் நிழலும் நிஜம்போல விழுவதற்கான கணக்கைப் போட வன்பொருளிலேயே இடம் வைத்தார்கள். ஆபீஸ் கணக்கு எழுதவா அது?

நான் வருஷக்கணக்கில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கிறவன், அதனால் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் தை, மாசியில் அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் ஊரே தூசி. அந்தத் தூசி கேமிங் லேப்டாப்பின் ஃபேன் வழியாக உள்ளே போய், சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்க்கின் செப்புத் தகடுகளுக்கு நடுவில் கம்பளித் துணி மாதிரி படிந்துவிடும். பின்மூடியைக் கழற்றி, புளோயர் அடித்தால் அது துண்டு துண்டாக உரிந்து வரும். அதுவரை அந்த லேப்டாப் கொதித்து, வேகம் குறைந்து, கேம் திக்கித் திக்கி ஓடியிருக்கும். மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. தூசி உள்ளே போக வழி இல்லை. கேமிங் லேப்டாப்பின் சார்ஜர் செங்கல் மாதிரி 200 வாட் பக்கம் இருக்கும்போது, எம்1 ஏருக்கு அவர்கள் கொடுத்தது 30 வாட் சார்ஜர். கரண்ட் வந்து வந்து போகிற ஊரில் இது சாதாரண விஷயமா? ஆனால் ஃபேன் இல்லாததற்கும் விலை உண்டு. ஒரு மணி நேரம் விடாமல் பெரிய கேம் ஆடினால் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தூர்வாரும் வேலைக்கு வருவோம். விண்டோஸ் கேம்கள் பேசுவது டைரக்ட்எக்ஸ் மொழி, மேக் பேசுவது மெட்டல் மொழி. 2023இல் ஆப்பிள், கேம் போர்ட்டிங் டூல்கிட் என்று ஒரு துபாஷியைக் கேம் எழுதுகிறவர்களுக்குக் கொடுத்தது. விண்டோஸுக்கு எழுதிய கேமை அப்படியே மேக்கில் ஓட்டி, எவ்வளவு தேறும் என்று முதல் நாளே பார்த்துவிடலாம். அது 2024இலும் 2025இலும் புதுப்பதிப்பு கண்டது. வருஷா வருஷம் மண்வெட்டி எடுக்கிறார்கள் என்பதை நான் மேடையில் காட்டுகிற படத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 2025 ஜூலையில் சைபர்பங்க் 2077 மேக்குக்கு வந்தது. விண்டோஸுக்கு அது வந்தது 2020 டிசம்பரில். கடைமடைத் தண்ணீர்தான், ஆனாலும் வந்துவிட்டது.

இன்னொன்று, வெளியே அதிகம் பேசப்படாதது. 2019இல் மேக்கை இயக்கும் மென்பொருளின் கட்டலீனா என்ற பதிப்பு வந்தபோது, பழைய முறையில் எழுதிய 32 பிட் மென்பொருள்களை ஆப்பிள் ஒரேயடியாக நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பழைய கேம்கள் ஒரே இரவில் செத்துப்போயின. கேம் பிரியர்களின் கோபத்துக்கு அதுதான் வேர். இப்போது மேக்கில் இன்டெல் கம்பெனியின் சிப் இருந்த காலத்து மென்பொருள்களைப் புதுச் சிப்பில் ஓட்டுகிற ரொசெட்டாவையும் படிப்படியாக விலக்கப் போகிறார்கள். ஆனால் 2025இல் அதைச் சொன்னபோது, கவனிப்பாரில்லாத பழைய கேம்களுக்காக மட்டும் அதில் ஒரு பகுதியை விட்டுவைப்போம் என்றார்கள். கேமுக்காக ஒரு வாய்க்காலை மூடாமல் விடுகிற ஆப்பிளை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. கேம்ஸ் ஆப்பைவிட இந்த ஒரு வரிதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

அப்படியானால் மறுபடி ஒரு பெட்டி போடுவார்களா, டிவியோடு இணைக்கிற கேம் மெஷின்? எனக்குத் தோன்றவில்லை. கேம் பெட்டி வியாபாரத்தில் பெட்டியை லாபமே இல்லாமல், சில சமயம் நஷ்டத்துக்குக்கூட விற்று, கேமில் எடுப்பார்கள். ஆப்பிளுக்குப் பெட்டியிலும் லாபம் வேண்டும், கேமிலும் பங்கு வேண்டும். கையில் இருக்கிற போனையே பெட்டி என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு பெரிய கேம் கம்பெனியை வாங்கிவிடுவார்கள் என்றும் அவ்வப்போது பேச்சு வரும். 2025இல் அவர்கள் வாங்கியது கனடாவில் இரண்டே பேர் நடத்திய சின்ன ஸ்டூடியோவை.

இனி அக்கா மகன் கேள்வி. அவன் ஆடுவது என்ன என்று கேட்டேன். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2. இரண்டும் மேக்குக்கு இல்லை. துபாஷி வைத்தாலும் வேலரன்ட் ஓடாது. ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்க அது விண்டோஸின் அடிமடி வரை இறங்கிப் பார்க்கும் காவல்காரனோடு வருகிறது. அந்தக் காவல்காரனுக்கு மேக்கில் வேலை இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேம்தான் பையன்களுக்கு உயிர், ஆப்பிள் தூர்வாராத இடமும் அதுதான். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கேம் ஆடுகிறவர்களைக் கணக்கெடுத்தால் மேக்காரர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான் வருவார்கள். அந்த இரண்டு பேருக்காக எந்தக் கம்பெனி தனியாகக் கேம் எழுதும்? எழுதாததால் ஆள் சேரவில்லை, ஆள் சேராததால் எழுதவில்லை.

புது ஏர் அப்போது 99,900 ரூபாய். கேமிங் லேப்டாப் அதற்கும் குறைவாகவே கிடைத்தது. "படிப்புக்குன்னா மேக் வாங்கு, ஆட்டத்துக்குன்னா வேண்டாம்" என்றேன். அக்கா பக்கத்தில் நின்றதால் "படிப்புக்குத்தான் மாமா" என்று சத்தமாகச் சொன்னான். வாங்கியது கிராஃபிக்ஸ் கார்டு போட்ட விண்டோஸ் லேப்டாப்.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தான். அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான் வயல், அந்த வாரம்தான் மெஷின் இறங்கியது. லீவு முடிகிற அன்றைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, "ரொம்பச் சூடாகுது மாமா, ஃபேன் கத்துது" என்றான். பின்மூடியைக் கழற்றினேன். ஃபேன் இறக்கைக்கு நடுவில் ஒரு நெல் உமி, முழுசாக.

வணக்கம்.