பக்கம் திரும்பும்போது ஒரு துரோகி

வணக்கம் நண்பர்களே.

எழுத ஒருவர், வரைய ஒருவர், பேச்சுக் குமிழ்களில் எழுத்துப் போட ஒருவர். பதிப்பகம் கிடையாது, சொந்தக் காசு. இப்படி மூன்று பேர் ஒரு உளவுக் கதையைக் காமிக்ஸாகக் கொண்டுவர இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் வரைந்து முடித்த முதல் பன்னிரண்டு பக்கங்களைப் பார்த்தேன். முழுக்கத் துரத்தல். கார், பைக், கடைசியில் ஹெலிகாப்டர். வரைந்த கை நல்ல கைதான். ஆனாலும் அந்தப் பக்கங்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சினிமாவில்தான் ஹெலிகாப்டருக்குச் செலவு, காகிதத்தில் வெறும் மைதானே என்பார்கள். மை சும்மா கிடைக்கலாம், நாள் கிடைக்காது. பென்சிலும் மையுமாக ஒரு நாளில் ஒரு பக்கம் முடித்தாலே நல்ல வேகம். பன்னிரண்டு நாள் முதுகொடிய வரைந்த துரத்தலை வாசகர் ஒரு நிமிடத்தில் புரட்டிவிட்டுப் போய்விடுவார். அசையாத படத்துக்கு ஓட்டம் என்பது இரவல் சரக்கு. சந்தேகம்தான் அதன் சொந்தச் சரக்கு.

2012-இல் ஆன்டனி ஜான்ஸ்டன் எழுத, சாம் ஹார்ட் வரைந்த ‘தி கோல்டஸ்ட் சிட்டி’ என்ற உளவுக் காமிக்ஸைப் பாருங்கள். பெர்லின் சுவர் விழும் 1989-இல் நடக்கும் கதை, கறுப்பு வெள்ளையில். ஆட்கள் பாதி நேரம் நிழலாகத்தான் நிற்கிறார்கள். பேசுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அதே கதை 2017-இல் ‘அட்டாமிக் பிளாண்ட்’ என்று சினிமாவானபோது நியான் வெளிச்சமும் படிக்கட்டுச் சண்டையும் வந்து சேர்ந்தன. சினிமா தனக்குக் கைவந்ததைச் செய்தது. நமக்குக் கைவந்தது எது?

முதலில் பக்கத் திருப்பல். புத்தகத்தைத் திறந்தால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். இடது பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண் வலது பக்கத்தை மேய்ந்துவிடும். ஆகவே அங்கே வைக்கிற ரகசியம் ரகசியமே இல்லை. கேள்வி வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கட்டும், பதில் திருப்பியதும் வரும் இடது பக்கத்தில். இந்தக் கணக்கு தெரிந்தும் கோட்டை விட்டவன் நான். என் காமிக்ஸ் ஒன்றில் கடைசி நேரத்தில் முன்னால் ஒரு நன்றிப் பக்கம் சேர்த்தேன். எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போய், துரோகியின் முகம் வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். (மொபைலில் கட்டம் கட்டமாகப் படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒவ்வொரு விரல் தள்ளலும் ஒரு பக்கத் திருப்பல்தான்.)

அப்புறம், எண்ணக் குமிழ், அதாவது பாத்திரம் மனதுக்குள் நினைப்பதைக் காட்டும் குமிழ். இரட்டை உளவாளியின் தலைக்கு மேல் அதைப் போட்டால் மாட்டிக்கொண்டீர்கள். அவன் மனதுக்குள் உண்மை பேசினால் கதை அங்கேயே முடிந்தது. மனதுக்குள்ளும் பொய் பேசினால் ஏமாற்றுவது அவனல்ல, நீங்கள். அதனால் அவனை யோசிக்கவே விடாதீர்கள், அறிக்கை எழுத விடுங்கள். கட்டத்தின் மேலே அவன் மேலதிகாரிக்கு எழுதிய வரி: “நான் அந்த அறைக்குள் போகவில்லை.” கீழே படத்தில், அறையின் உட்பக்கத் தாழ்ப்பாளில் அவன் கை. எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்ல, நடுவில் வாசகர் நிற்பார். உளவு பார்க்கிற வேலை இப்போது அவருடையது. ஐம்பதாம் பக்கத்தில் சந்தேகம் வந்தால் ஐந்தாம் பக்கத்துக்குத் திரும்பிப்போய்ச் சரிபார்ப்பார். தாழ்ப்பாள் அங்கே இருந்தே ஆக வேண்டும்.

பாதியில் வரைபவர் விலகிப் போவதும் சொந்த முயற்சிகளில் நடக்கும். 2001-இல் ஓனி பிரஸ் பதிப்பகம் வெளியிடத் தொடங்கிய, கிரெக் ரக்கா எழுதிய ‘குயின் அண்ட் கன்ட்ரி’ என்ற உளவுக் காமிக்ஸ் தொடரில் கதைக்குக் கதை ஓவியர் மாறினார்கள், நாயகியின் முகமும் கூடவே மாறியது. எழுத்து தாங்கிப் பிடித்ததால் தொடர் நிலைத்தது. நீங்கள் முன்னெச்சரிக்கையாக ஒரு நடை, ஒரு கோட்டு, முடி விழுகிற விதம் என்று எதையாவது அடையாளமாக வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒருவரைச் சொல்ல ஆசை. அந்தோனியோ புரோஹியாஸ், கியூபாவில் பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். காஸ்ட்ரோ ஆட்சியைக் கிண்டலடித்து வரைந்தார். சி.ஐ.ஏ.வின் ஆள் என்ற பழி வந்தது, 1960-இல் நாட்டை விட்டு நியூயார்க் போனார். ஆங்கிலம் சரியாக வராது. 1961-இல் ‘மேட்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில் அவருடைய ‘ஸ்பை வெர்சஸ் ஸ்பை’ தொடங்கியது: கறுப்பு உடையில் ஒரு உளவாளி, வெள்ளை உடையில் ஒரு உளவாளி, பேச்சே கிடையாது. யார் நல்லவன் என்றும் சொல்லவில்லை. தலைப்புக்குக் கீழே மட்டும் வரிசையாகப் புள்ளிகளும் சிறு கோடுகளும் இருக்கும். அது மோர்ஸ், பழைய தந்திக் குறியீடு. எழுத்துக் கூட்டினால் ‘பை புரோஹியாஸ்’, அதாவது ‘வரைந்தவர் புரோஹியாஸ்’. ஒற்றன் என்று துரத்தப்பட்ட மனிதர் ஒவ்வொரு முறையும் சங்கேதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் அதை வெறும் அலங்காரம் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.