நடுவிலிருந்தா, ஓரத்திலிருந்தா?

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் கூடியிருக்கிறோம். நகரமைப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இந்த அவையில் உண்டு. வீட்டுக்கு வரைபட அனுமதி கேட்டு அலைந்தவர்கள் அதைவிட அதிகம். இரு தரப்புக்கும் பொதுவான ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். ஓர் அலுவலரின் சந்தேகத்துக்கு இன்னோர் அலுவலர் இணையத்தில் பதில் எழுதுகிறாரே, அந்தப் பதில் எப்படி இருக்க வேண்டும்?

2025 செப்டம்பர் 2 முதல் பெங்களூருக்கு ஒரு மாநகராட்சி இல்லை, ஐந்து. பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டார்கள். கேள்வி கைபேசிக் குழுவுக்கு வருவது இயல்பு. வரட்டும். தனியே உட்கார்ந்து ஊகிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ராஜகாலுவே என்றால் பெங்களூரின் மழைநீர்க் கால்வாய். அதன் ஓரம் கட்டடம் கட்டாமல் விட வேண்டிய இடம் பற்றி ஒருவர் கேட்கிறார்: “இரண்டாம் நிலை ராஜகாலுவே. எவ்வளவு இடம் விட வேண்டும்?” பதில் வருகிறது: “35 மீட்டர்.” அவ்வளவுதான். இந்தப் பதிலில் என்ன குறை?

2007-இல் ஒப்புதல் பெற்ற பெங்களூர் நகரப் பெருந்திட்டம், 2015 வரைக்குமானது, மழைநீர்க் கால்வாய்களுக்கு 50, 25, 15 மீட்டர் என்று வைத்தது. முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்ற வரிசையில். அளப்பது கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து. 2016 மே 4-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 50, 35, 25 என்று ஆக்கியது. அளப்பது ஓரத்திலிருந்து. 2019 மார்ச் 5-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை விலக்கியது; பழைய அளவு திரும்ப வந்தது. ஆக, “35 மீட்டர்” ஒரு காலத்தில் சரியான பதில். தேதி உதிர்ந்துபோன பிறகு அதுவே தவறான பதில்.

எவ்வளவு தவறு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கால்வாயின் அகலம் 10 மீட்டர் என்று வைப்போம். நடுவிலிருந்து 25 மீட்டர் என்றால் ஓரத்திலிருந்து 20. மற்றது ஓரத்திலிருந்து 35. வித்தியாசம் 15 மீட்டர். 30 அடிக்கு 40 அடி சைட்டின் நீளமே 12 மீட்டர்தான்! ஒரு வரிசை மனைகள் முழுவதும் அந்த இடைவெளிக்குள் போய்விடும். ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு அங்கே கிடக்கிறது. எதிர்ப்பக்கம் தவறினால் வெள்ளம் போக வேண்டிய இடத்தில் வீடு எழும்பும். (நான் சொன்ன அளவுகளை இன்றைய விதி என்று குறித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் வந்த திருத்தங்களைப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.)

அதனால் பதில் எழுதுகிறவர் எண்ணோடு நிறுத்தக் கூடாது. எந்த விதி, எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் நடப்பில் இருந்தது, எந்த எல்லைக்குப் பொருந்தும், எங்கிருந்து அளப்பது என்பதெல்லாம் அதே செய்தியில் இருக்க வேண்டும். இரண்டு வரி கூடும். கூடட்டும்.

அலகுகளும் இப்படித்தான். இங்கே ஏக்கருக்கு 40 குண்டே, ஓசூர் பக்கம் 100 சென்ட். ஒரு குண்டே இரண்டரை சென்ட். எல்லையோர நிலத்தைப் பற்றிப் பேசும்போது வெறும் எண்ணை எழுதினால் இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள்.

இனி கோப்புகள். வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்புகிறோம். செயலி அதைச் சுருக்குகிறது. சர்வே எண் மங்குகிறது, 3 எது, 8 எது என்று தெரியாது. மூலக் கோப்பாகவே அனுப்புங்கள். கணினி வரைபடத் தரவைத் தாங்கும் ஷேப் கோப்பு என்றால் அது ஒரே கோப்பு இல்லை, பல கோப்புகளின் கூட்டம். அதில் ‘பிஆர்ஜே’ என்ற கோப்பு விடுபட்டால் ஆயத்தொலைவு முறை எது என்று பெறுபவருக்குத் தெரியாது. உலகை நெடுக்குவாட்டில் மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் பெங்களூர் 43-ஆம் மண்டலம், சென்னை 44. மண்டலம் மாறினால் பெல்லந்தூர் கால்வாய் வங்கக்கடலில் போய் விழும். அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். பழைய சர்வே தாள்கள் ‘எவரெஸ்ட்’ என்ற பழைய புவி அளவீட்டு அடிப்படையில் வரைந்தவை; அவற்றை இன்றைய ஜிபிஎஸ் அளவோடு அப்படியே சேர்த்தால் நகர்வு நூறு மீட்டருக்கு மேல். திரையில் எல்லாம் பொருந்தியது போலவே இருக்கும். எனக்குப் பெரிய பயம் இதில்தான்.

நுடி என்ற பழைய கன்னட எழுத்துருவில் தட்டச்சு செய்த கன்னடச் சுற்றறிக்கைகளைத் தேடினால் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றி, சுற்றறிக்கை எண்ணையும் தேதியையும் கோப்புப் பெயரிலேயே வையுங்கள். மனுதாரரின் பெயர், தொலைபேசி எண்ணை மறைத்த பிறகே எதையும் பகிருங்கள்.

கடைசியாக ஒன்று. காலாவதியான பதிலை அழித்துவிடாதீர்கள். மேலே கோடு போட்டு, எந்தத் தேதியில், எந்த ஆணையால் செல்லாமல் போனது என்று எழுதி வையுங்கள். 2017-இல் மறுக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தின் கோப்பு நாளை மேசைக்கு வரும். அன்று 35 மீட்டர் கேட்டது ஏன் என்று அந்த மனுதாரருக்குச் சொல்ல, கோடு போட்ட அந்த வரிதான் வேண்டும்.