மறைத்தால் ஒரு பிழைப்பு, காட்டினால் ஒரு பிழைப்பு

(சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக்குக்குப் பக்கத்தில் கேரம் போர்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் ஒரு தம்பி "பேச்சா, டோர்னமென்டா?" என்று கேட்டது காதில் விழுந்தது. பேச்சுதான் தம்பி. போர்டு கடைசியில்.

அழைப்பிதழில் என்னை 'பில்லியர்ட்ஸ் பயிற்சியாளர்' என்று போட்டிருக்கிறார்கள். மரியாதைக்குப் போட்டது. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் மூன்று பூல் டேபிள் (பூல் என்பது பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்) போட்டுப் பத்தொன்பது வருஷம் பார்லர் நடத்தினேன், அவ்வளவுதான். அதற்கும் முன்னால் நான் ஒரு மார்க்கர் மகன். மார்க்கர் என்ற வார்த்தை இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கிளப்புகளில் பில்லியர்ட்ஸ் அறையைப் பார்த்துக்கொள்கிறவர்தான் மார்க்கர். ஸ்கோர் போடுவார், பந்தை அடிக்கிற கோலான க்யூவை எடுத்துக் கொடுப்பார், மெம்பருக்குக் கம்பெனி இல்லையென்றால் கூட ஆடுவார்.

அப்பாவுக்கு ஏற்காட்டில் வேலை. எஸ்டேட்காரர்கள் வந்து போகிற கிளப். பெயர் வேண்டாம், இப்போது அங்கே இருப்பவர்களுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சேர்வராயன் மலையில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மேசையில் விரித்த பச்சைத் துணி ஈரம் குடித்துவிடும். பந்து பாதி தூரம் போய்ச் சோர்ந்து நின்றுவிடும். அப்பா சாயங்காலம் நாலு மணிக்கே போய், முதலில் பிரஷ் போடுவார். ஒரே திசையில்தான் போடணும், துணிக்கு மயிர்வாக்கு உண்டு. அப்புறம் இஸ்திரிப் பெட்டி. அதை நேராகத் துணியில் வைக்க மாட்டார். பழைய பேப்பரில் ஒருதரம் தேய்த்துப் பார்ப்பார். பேப்பர் பழுப்பேறினால் இன்னும் சூடு ஆறணும். பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம், அடியில் ஸ்லேட் கல். அந்த மேசையை அவர் தேய்க்கிறதைப் பார்த்தால் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து விடுகிற மாதிரி இருக்கும்.

அந்த மேசையில் அப்பாவை ஜெயிக்கக்கூடிய ஆள் ஒருத்தரும் இல்லை. ஆனால் அவர் தினமும் தோற்பார். அதுவும் கணக்காக. ரொம்ப வித்தியாசத்தில் தோற்றால் மெம்பருக்குச் சந்தேகம் வரும், ஜெயித்துவிட்டால் முகம் சுருங்கும். கடைசிக் கறுப்புப் பந்து வரைக்கும் இழுத்து, அதை பாக்கெட் வாயில் விட்டுக் கொடுக்கணும். "இன்னிக்கு ரொம்ப நெருக்கிட்டய்யா" என்று சொல்லிவிட்டு அவர் கொடுக்கிற டிப்ஸில்தான் நாங்கள் படித்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விளையாட்டில் உலகம் முழுக்கப் பிழைத்தவர்களைப் பார்த்தால், ஒன்று திறமையை மறைத்துப் பிழைத்திருக்கிறார்கள், அல்லது காட்சியாகக் காட்டிப் பிழைத்திருக்கிறார்கள். நேராகப் போட்டியில் ஆடி, ஜெயித்து, அந்தப் பணத்தில் வீடு கட்டினவர்கள் கொஞ்சம் பேர்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது.

மறைத்தவர்களில் பெரியவர் எஃப்ரன் ரேயஸ். பிலிப்பைன்ஸ்காரர், 1954இல் பிறந்தவர். மணிலாவில் மாமாவுடைய பூல் ஹாலில் வளர்ந்தார். இரவில் தூங்கினது அந்த மேசை மேலேயே. உயரம் எட்டாத வயதில் சோடாப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் நின்று ஆடினார். 1985இல் அமெரிக்கா போனார். அதற்குள் அவர் பெயர் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எஃப்ரன் ரேயஸ் என்று சொன்னால் பந்தயத்துக்கு யாரும் வர மாட்டார்கள். அதனால் சீசர் மொராலஸ் என்று பெயர் சொல்லி ஆடினார். முகத்தை யாருக்கும் தெரியாது, பெயரை மட்டும் தெரியும். எங்கப்பா தோற்றுக்காட்டினார், அவர் பெயரை மாற்றினார்.

அப்புறம் மறைக்க முடியாத காலம் வந்தது. 1994இல் அமெரிக்க ஓப்பன் நைன்-பால் (ஒன்பது பந்து வைத்து ஆடுகிற பூல்) பட்டத்தை வென்றார், அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 1999இல் உலகப் பட்டம். 1996இல் ஹாங்காங்கில் ஏர்ல் ஸ்டிரிக்லாண்டோடு ஒரு சவால் ஆட்டம்: யார் முதலில் 120 ஆட்டம் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு லட்சம் டாலர். மூன்று நாள் நடந்தது, பின்தங்கியிருந்து பிடித்தார். அதற்கு முந்தின வருஷம் ரீனோவில், அதே ஸ்டிரிக்லாண்ட், ரேயஸ் அடிக்க வேண்டிய பந்தை மறைத்து வைத்துவிட்டார். நேர் வழி அடைபட்டது. ரேயஸ் மேசையின் இரண்டு குஷனில், அதாவது விளிம்பு ரப்பரில், மோத விட்டு, இசட் எழுத்து போல வெள்ளைப் பந்தை ஓட்டி, மறைந்திருந்த பந்தை உள்ளே தள்ளினார். அந்த அரங்கில் எழுந்த சத்தத்தை வீடியோவில் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு பெரிய ஆளுக்கு 2006இல் என்ன நடந்தது தெரியுமா? ஐந்து லட்சம் டாலர் முதல் பரிசு என்று அறிவித்த போட்டியில் ஜெயித்தார். பூல் சரித்திரத்தில் அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. ஜெயித்த பிறகு பார்த்தால், நடத்தினவர்களிடம் பணம் இல்லை.

இப்போது காட்டிப் பிழைத்தவர்களுக்கு வருவோம். வில்லி மோஸ்கோனி. பிலடெல்பியாவில் அவருடைய அப்பா பூல் ஹால் வைத்திருந்தார். பையன் இந்த ஆட்டத்துக்கு வரக்கூடாது என்று க்யூவையும் பந்தையும் பூட்டி வைத்தார். பையன் சமையலறையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு வந்து விளக்குமாற்றுக் கம்பால் அடித்துப் பழகினான். 1941க்கும் 1957க்கும் நடுவில் பதினைந்து தடவை உலகப் பட்டம். ஆனால் அவருக்கு மாசம் தவறாமல் சம்பளம் வந்தது எதில் என்றால், மேசை செய்கிற பிரன்ஸ்விக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்டியதில். அவருடைய பேர் பெற்ற கணக்கு, நடுவில் ஒரு பந்துகூடத் தவறாமல் 526 பந்து, போட்டியில் அடித்ததே இல்லை. 1954 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் அடித்தது. 2019 வரைக்கும் அதை யாராலும் தாண்ட முடியவில்லை.

அவருக்கு ஜென்ம விரோதி ஒருவர் இருந்தார், ருடால்ஃப் வாண்டரோன். 1961இல் வந்த ஒரு சினிமாவில் மினசோட்டா ஃபேட்ஸ் என்று ஒரு பாத்திரம். இவர் "அது நான்தான், என் கதைதான்" என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். பெரிய பட்டம் எதுவும் ஜெயிக்காமலே நாடு முழுக்கத் தெரிந்த முகம் ஆகிவிட்டார். வாய்தான் மூலதனம். 1978இல் டி.வி.யில் இரண்டு பேரையும் மோத விட்டார்கள். மோஸ்கோனி ஜெயித்தார். ஆனால் ஆட்டம் நடந்த நேரம் பூராவும் ஃபேட்ஸ் பேசிக்கொண்டே இருந்தார், கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஃபேட்ஸைப் பிடிக்காது. ஆனாலும் அந்த வீடியோவைப் போட்டால் என் கண் அவர் பக்கம்தான் போகிறது.

ஸ்டீவ் மிசராக் பள்ளிக்கூட வாத்தியார். 1970 முதல் 73 வரை வரிசையாக நாலு அமெரிக்க ஓப்பன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1978இல் ஒரு பீர் விளம்பரத்தில் ஒரு ட்ரிக் ஷாட், அதாவது வித்தை காட்டுகிற அடி, அடித்தார், "சும்மா பந்தா காட்டுறேன்" என்கிற தோரணையில். அந்த சில நொடிக்காக நூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப அடித்தார் என்பார்கள். அதற்குப் பிறகுதான் தெருவில் ஆட்டோகிராஃப் கேட்டார்கள்.

ட்ரிக் ஷாட் என்றால் ஏமாற்று வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சர்க்கஸ் என்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். மைக் மாஸி ஆடுவதைப் பார்த்த பிறகு மாறிவிட்டேன். க்யூவைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து குத்துவார். பந்து முன்னால் போய், யோசித்து, வளைந்து திரும்பும். மாஸே என்று பெயர். கை விரலாலேயே பந்தைச் சுழற்றி மேசை முழுக்க ஓட வைப்பார். தன் பூட்ஸைக் கழற்றித் தள்ளி வைத்து, பந்து பறந்துபோய் அதற்குள் விழும்படி அடிப்பார். 2000இல் ஈஎஸ்பிஎன் டி.வி. முதல்முறையாக ட்ரிக் ஷாட் போட்டி நடத்தியபோது ஜெயித்தவர் அவர்தான். இப்போது ஆர்ட்டிஸ்டிக் பூல் என்று இதற்குத் தனியாகவே உலகப் போட்டி இருக்கிறது. என்னென்ன ஷாட் என்பது முன்கூட்டியே பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று மதிப்பெண், மூன்று வாய்ப்பு. எந்தப் பந்து எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இதில் என்ன ஏமாற்று?

இந்தச் சுழல் வித்தை எல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், க்யூ முனையில் ஒட்டுகிற ஒரு துண்டுத் தோலிலிருந்து. மங்கோ என்கிற பிரெஞ்சுப் படை கேப்டன் சிறையில் இருந்தபோது அதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அதுவரை வெறும் மரமுனை, பந்தின் ஓரத்தில் பட்டால் வழுக்கிவிடும். 1835இல் கோரியோலிஸ் இந்தச் சுழற்சிக்குக் கணிதம் எழுதினார். ஆமாம், பிளஸ் டூ பசங்களே, காற்று ஏன் வளைகிறது என்று படிக்கிறீர்களே, அதே கோரியோலிஸ்தான். பில்லியர்ட்ஸுக்கு ஒரு தனிப் புத்தகமே போட்டிருக்கிறார்.

நம்ம ஊர் என்னாச்சு என்று கேட்பீர்கள். பில்லியர்ட்ஸ் மேசையிலேயே ஆடுகிற ஸ்னூக்கரே நம்ம நாட்டில் பிறந்ததுதான். 1875இல் ஜபல்பூரில் பட்டாளத்து அதிகாரிகள் மழைக்காலத்தில் பொழுது போகாமல் ஆரம்பித்தது, 1882இல் ஊட்டி கிளப்பில் விதிமுறை எழுதி மாட்டினார்கள். இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டில் கிடைத்த முதல் உலகப் பட்டமே பில்லியர்ட்ஸில்தான்: வில்சன் ஜோன்ஸ், 1958, கல்கத்தா. மைக்கேல் ஃபெரெய்ரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று வரிசையாக வந்தார்கள். பங்கஜ் இருபத்தைந்துக்கு மேல் உலகப் பட்டம் வைத்திருக்கிறார். அவருக்கும் ஓஎன்ஜிசி வேலை இருந்தது. இங்கே இந்த ஆட்டத்துக்குச் சோறு போட்டது பெரும்பாலும் எண்ணெய் கம்பெனிகளின் ஸ்போர்ட்ஸ் கோட்டாதான். 2025 நவம்பரில் நம்ம சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். எத்தனை வீட்டில் தெரிந்தது? என் பார்லருக்குப் பையனைத் தேடிக்கொண்டு வந்த அப்பாக்களில் ஒருத்தர்கூட அவன் எப்படி ஆடுகிறான் என்று நின்று பார்த்ததில்லை. வாசலிலேயே காதைப் பிடித்துவிடுவார்கள்.

இன்று ஃப்ளோரியான் கோலர் என்று ஒரு பிரெஞ்சு இளைஞர், ட்ரிக் ஷாட் வீடியோ போட்டே உலகம் சுற்றுகிறார். கிளப்பும் மெம்பரும் அவருக்குத் தேவைப்படவில்லை.

எங்கப்பாவும் ஒரு ட்ரிக் ஷாட் வைத்திருந்தார். மெம்பர்களுக்குக் காட்ட மாட்டார். காட்டினால் இவ்வளவு தெரிந்தவன் நம்மிடம் எப்படித் தினமும் தோற்கிறான் என்று கேள்வி வரும் இல்லையா? எல்லாரும் போன பிறகு, துணி உறை போடுவதற்கு முன்னால், எனக்கும் சமையல்காரர் மகனுக்கும் மட்டும். இரண்டு சிவப்புப் பந்தை ஒட்டி வைப்பார். நுனிநாக்கில் விரலைத் தொட்டு, இரண்டு பந்தும் தொடுகிற இடத்தில் லேசாகத் தடவுவார். அப்புறம் கோணலாக எங்கிருந்தோ அடிப்பார். பின்னால் இருக்கிற பந்து வரி போட்ட மாதிரி நேராகப் போய் மூலை பாக்கெட்டில் விழும். அந்த எச்சில் தொடுகிறதை நான் திருஷ்டி கழிக்கிறார் என்று நினைத்தேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது. காய்ந்த பந்து இரண்டு ஒட்டியிருந்தால் உரசலில் ஒன்று இன்னொன்றைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துவிடும். ஈரம் அந்த உரசலைக் குறைத்துவிடும். மாஸி மாதிரியானவர்களும் செய்கிற வேலைதான் இது. அப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

சரி, போர்டுக்கு வருவோம். முன்வரிசைத் தம்பி, நீதான் வரணும். கறுப்புக் காய் இரண்டை எடு. ஒட்டி வை, இரண்டும் சேர்ந்து அந்த மூலை பாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி. எச்சில் வேண்டாம், பவுடர் போதும். ஸ்ட்ரைக்கரை நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். இரு, அவசரப்படாதே. மைக்கைக் கொஞ்சம் பிடிங்க சார். தம்பி, காயை இன்னும் நெருக்கி வை. நூல் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரியுது பார்.